பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய ஹார்டு டிஸ்க்



பிழைப்பிற்காக ஊரைவிட்டுப் பெருநகரங்களில் குடியேறிய அநேக குடும்பங்களில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஊரிலுள்ள பெற்றோரின் புகைப்படங்களும், திருமண வீடியோவும், பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. அதன் ஹார்டு டிஸ்க் பழுதானால், கடையில் வேறொன்று வாங்கலாம். இழந்துபோன படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகையால் முதலாவது, பழைய டிஸ்க்கில் உள்ளவற்றை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். 'டிக், டிக்' என்ற ஓசை கேட்டால் தாமதிக்கவே வேண்டாம். மிக அவசியமானவற்றை முதலில் எடுங்கள். டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் அறியாமற்போனால், திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்காமல், தகவல் மீட்பில் தேர்ந்தவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

இரண்டாவது, கேபிளைப் பாருங்கள். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால், அகன்ற பட்டையான கேபிள் இருப்பின் அது ஐடிஇ. விரலளவு அகலமுள்ள மெல்லிய கேபிள் இருப்பின் அது சாட்டா. 2003-ஆம் ஆண்டளவில் சாட்டா சந்தைக்கு வந்தது. சாட்டாவில் புதிய டிஸ்க், பழைய மதர்போர்டின் வேகத்திற்கு இறங்கி, பெரும்பாலும் தடையின்றி இயங்கும். ஐடிஇ டிஸ்க்குகளோ இன்று பெரும்பாலும் பழையவையாகவே கிடைக்கும்; அவற்றிற்குப் பணம் செலவழிக்குமுன் நன்றாய் யோசியுங்கள்.

மூன்றாவது, பெரிய அளவு என்றதும் மயங்கிவிடாதீர்கள். 2002-ஆம் ஆண்டிற்கு முந்திய அநேக மதர்போர்டுகள் 137 ஜிபிக்கு மேற்பட்ட இடத்தை அறியா. எம்பிஆர் என்னும் பழைய பிரிப்பு முறையிலோ, வழக்கமான டிஸ்க்கில் 2 டிபி வரைதான் பயன்படும். 4 டிபி வாங்கிப் பாதியை விருதாவாக்குவதால் பிரயோஜனம் என்ன?

நான்காவது, எந்த வகை வாங்குவது? நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெகண்டுக்கு மேல் எடுக்கிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லாததால் அந்தக் காத்திருப்பு இல்லை. சாட்டா உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு 2.5 அங்குல, 250 அல்லது 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று புத்துயிர் தரும். என்விஎம்இ வகையை வாங்கிவிடாதீர்கள். பழைய மதர்போர்டுகளில் அதற்கு இடமில்லை. படங்களைச் சேமிக்க மட்டுமே வேண்டுமானால், சாதாரண ஹார்டு டிஸ்க் போதும். மின்சாரமின்றி நெடுங்காலம் அலமாரியில் வைக்கப்படும் எஸ்எஸ்டி தகவலை இழக்கக்கூடும்.

டில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு ஆகிய இடங்களுக்குச் செல்வோர், கம்ப்யூட்டரின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய டிஸ்க்கின் கேபிளைப் படமெடுத்துச் செல்லுங்கள். பில்லும் உத்தரவாதமும் கேட்டு வாங்குங்கள். 'புதிதுபோலவே இருக்கிறது' என்று சொல்லப்படும் டிஸ்க், எத்தனை மணி நேரம் ஓடியதென்பதை, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் காட்டும்.

புதிய டிஸ்க் வந்துவிட்டதென்று நிம்மதியடைந்துவிடாதீர்கள். அதுவும் ஒருநாள் பழுதாகும். அருமையான படங்களை எப்பொழுதும் இரண்டு இடங்களில் வையுங்கள். மாற்றிய பழைய டிஸ்க்கை, முற்றிலும் அழிக்காமல் எவருக்கும் விற்காதீர்கள். சாதாரணமாய் ஃபார்மேட் செய்தால் மட்டும் உங்கள் வங்கிக் கணக்குத் தாள்கள் மறைந்துபோவதில்லை. பிரயாசப்பட்டுச் சம்பாதித்த பணத்தை அளவறிந்து செலவிடுங்கள். நகலெடுக்கும் வேலையை இன்றைக்கே தொடங்குங்கள்.