சொந்த லொறியும் திரும்பி வரும் சுமையும்

கம்பனி லொறியைச் சம்பளத்துக்கு ஓட்டும் அமெரிக்கச் சாரதிகளிடையே ஒரு பழைய ஆசை உண்டு. என்றாவது ஒருநாள் சொந்தமாக ஒரு லொறியை வாங்கி, எந்தச் சுமையை ஏற்றுவது, எதை வேண்டாமென்று தள்ளுவது என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்பதே அது. கம்பனிச் சாரதிக்கு ஓடிய மைலுக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கும். டீசல், ரயர், காப்புறுதி, பழுதுபார்ப்பு யாவும் கம்பனியின் பொறுப்பு. ஆனால், பிள்ளையின் பிறந்தநாளன்று வீட்டில் நிற்க விரும்பினாலும், கந்தோரில் இருப்பவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் அனுப்பினால் பெரும்பாலும் போகத்தான் வேண்டும். ரொறன்ரோ நகரிற் குடியேறி லொறி ஓட்டும் நம்மவர் வீடுகளிலும் இதே ஆசை பேசப்படுவதுண்டு. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வது நம் வாசகர்களுக்கும் பயன்தரும்.

இந்தச் சுதந்திரம் அங்கே ஆதிமுதல் இருந்ததன்று. 1935ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மாநிலங்களுக்கிடையே கூலிக்குச் சாமான் ஏற்றுவோர் அரசாங்க ஆணைக்குழுவிடம் அனுமதிப்பத்திரம் பெற வேண்டியிருந்தது. எந்தப் பாதை, எந்தச் சாமான் என்பதும் பெரும்பாலும் அப்பத்திரத்திற் குறிக்கப்பட்டிருக்கும். பதப்படுத்தப்படாத விவசாயப் பொருள்களுக்கு விலக்கு இருந்தது. ஆகவே தனி லொறிக்காரர் தக்காளியும் தோடம்பழமும் ஏற்றிப் போகலாம். திரும்பும்போது தளபாடம் ஏற்ற முடியாது. பத்திரமுள்ள கம்பனி ஒன்றுக்கு லொறியை வாடகைக்கு விட்டு அதன் பெயரில் ஏற்ற வேண்டும். இல்லையேல் வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டும். கோழியிறைச்சி விவசாயப் பொருளா, அன்றா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உரித்துச் சுத்தஞ்செய்த கோழியும், குளிரில் உறையவைத்த கோழியும் விவசாயப் பொருளே என்று 1956இல் தீர்ப்பாயிற்று. கேட்போர் நகைக்கலாம். ஆனால் வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தவருக்கு அது வயிற்றுப்பாட்டு விஷயமன்றோ!

1980 ஜூலை 1ஆந் திகதி ஜனாதிபதி ஜிம்மி காட்டர் கையொப்பமிட்ட சட்டம் இந்தக் கட்டுகளைப் பெரிதும் தளர்த்தியது. அதற்கு இரண்டு வருடம் முன்னரே, ஒறிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில், ஜூபிட்ஸ் என்னும் லொறித் தரிப்பு நிலையத்தில், காத்திருக்கும் சுமைகளின் பட்டியலைத் தொலைக்காட்சித் திரையிற் காட்டும் வழக்கம் தொடங்கியிருந்தது. இன்று அத்தகைய பட்டியல் சாரதியின் கைத்தொலைபேசியிலேயே வந்துவிடுகிறது. விரலாற் தொட்டால் சுமை கிடைக்கிறது. தொல்லையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏனெனில், புதிதாக லொறி வாங்கியவர் கண்ணிற் படுவது போகும் வழியின் கூலி மட்டுமே. உதாரணத்துக்கு ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். அட்லாண்டாவிலிருந்து மயாமிக்குச் சுமார் 660 மைல். அதற்கு 2,000 டொலர் தருவதாகத் தரகர் சொல்கிறார். மைலுக்கு மூன்று டொலர்! மனம் துள்ளுகிறது. ஆனால் புளோரிடாவோ வாங்கி உண்ணும் மாநிலம். உள்ளே போகும் சாமான் அதிகம், வெளியே வருவது குறைவு. மயாமியில் இறக்கியபின் அகப்படும் சுமைக்கு 600 டொலர்தான் என்று வைத்துக்கொள்வோம். போக வர 1,320 மைலுக்கு 2,600 டொலர். மைலுக்கு இரண்டு டொலரும் இல்லை. அதே அட்லாண்டாவிலிருந்து 245 மைல் தூரத்திலுள்ள சார்லட் நகருக்கு 700 டொலரும் திரும்பிவர 600 டொலரும் கிடைத்தால், மைலுக்கு 2.65 டொலர் ஆகிறது. இரவில் வீட்டில் உறங்கவும் கூடும்.

அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சி நிலையம் 2023ஆம் வருடத்துக்குக் கணக்கிட்ட செலவு, சாரதியின் கூலியும் உட்பட, மைலுக்கு 2.27 டொலர். இது பெரும்பாலும் கம்பனிகளின் கணக்கு. எனினும் சொந்த லொறிக்காரர் மனத்திற் பதித்துக்கொள்ளத் தக்கது. மேற்சொன்ன மயாமிப் பயணத்தில் அவர் தமது கூலியில் ஒரு பகுதியைத் தாமே விழுங்கியவராகிறார். ஆகவே சுமையைத் தெரிவது என்றால் திரும்பி வரும் சுமையையும் சேர்த்தே தெரிவதாகும். கனடாவிலிருந்து போகும் நம்மவருக்கு இன்னுமொரு தடை உண்டு. கனடிய லொறி அமெரிக்காவினுள் ஓரிடத்தில் ஏற்றிய சாமானை அந்நாட்டிலேயே மற்றோரிடத்தில் இறக்கலாகாது. திரும்பும் சுமை எல்லை தாண்டி வருவதாக இருக்க வேண்டும்.

இதிலே நேரமும் ஒரு முதல். சட்டப்படி, பணி தொடங்கிய 14 மணித்தியாலத்துக்குள் 11 மணித்தியாலமே லொறி ஓட்டலாம்; அதன்பின் 10 மணித்தியாலம் ஓய்வு வேண்டும். 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான லொறிகளில் இதை மின்கருவியே பதிவு செய்கிறது. குறிப்பேட்டிற் கைவண்ணம் காட்ட இடமில்லை. பண்டகசாலை வாசலில் நான்கு மணித்தியாலம் காத்து நின்றால் அந்த 14இல் நான்கு போய்விட்டது. எந்தப் பண்டகசாலை காக்கவைக்கும், எது விரைவாக இறக்கிவிடும் என்ற அறிவு கம்பனிச் சாரதியாக இருக்கும்போதே சம்பளத்தோடு கற்கக்கூடியது. அதைக் கற்காமல் வெளியேறுபவர் பிறகு கைக்காசைக் கொடுத்துக் கற்கிறார்.

சுமையை மறுக்கும் உரிமை சட்டத்தில் எவருக்கும் உண்டு. நடைமுறையில் அது கையிலுள்ள சேமிப்பின் அளவானதே. வெள்ளிக்கிழமை பிற்பகல், வீட்டிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால், திங்கட்கிழமை லொறித் தவணை கட்டவேண்டிய நிலையில் நிற்பவர் தரகர் சொன்ன விலைக்குத் தலையசைக்கிறார். கம்பனிக் கந்தோர்க்காரர் முன்பு செய்த அதிகாரத்தை இப்போது தவணைப்பணம் செய்கிறது. தரகர் பணமோ முப்பது நாளிலும் வரலாம். உடனே வேண்டுமென்றால், பற்றுச்சீட்டை வாங்கிப் பணம் கொடுக்கும் நிறுவனத்துக்குக் கழிவு கொடுக்க வேண்டும். சட்டம் கேட்கும் காப்புறுதி குறைந்தது 7,50,000 டொலர். தரகரோ 10 இலட்சம் கேட்பார். பதினெட்டுச் சில்லும் தேயும். எஞ்சினும் ஒருநாள் படுக்கும். வரியை எவரும் சம்பளத்திற் கழிக்கமாட்டார். வருடம் நான்கு முறை தாமே கட்டவேண்டும். இக்கணக்குகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதுபவர் பல வீடுகளில் மனைவியே. லொறி வாங்கும் முடிவில் அவருக்குக் கருத்துச் சொல்ல இடமில்லாமற் போவது பெரும் அநீதி. குறைந்தது ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்காமல் அவர் சம்மதிக்கக்கூடாது என்பது எமது கட்சி.

முதல் இல்லாதவர்க்குச் சில கம்பனிகள் ஒரு வழி காட்டும்: 'எங்கள் லொறியையே குத்தகைக்கு எடுத்து ஓட்டுங்கள், தவணையைக் கூலியிற் கழிப்போம், முடிவில் லொறி உங்களுடையது.' லொறியும் அவர்களுடையது, சுமையும் அவர்களுடையது, கழிவும் அவர்கள் கையில். இத்தகைய ஒப்பந்தங்களை ஆராய்ந்த அரசாங்கக் குழு ஒன்று, இவற்றைத் தடைசெய்ய வேண்டுமென்றே 2025 ஜனவரியிற் சிபாரிசு செய்தது. இதைவிட, தம் லொறியை நல்ல கம்பனியொன்றின் அனுமதியில் இணைத்துக் கூலியிற் பங்கு பெறுவது மேல். அங்கே கணக்கு எழுத்திலிருக்க வேண்டும். பயணப் பத்திரங்களை ஒப்படைத்த 15 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது விதி.

2021இல் கூலி வானளாவ ஏறியபோது பலர் பழைய லொறிகளைப் புதிய லொறியின் விலைக்கு வாங்கினர். 2022 வசந்தத்திற் கூலி சரிந்தது. அவ்வாண்டு ஜூனில் டீசல் கலன் ஒன்று 5 டொலருக்கு மேல் விற்றது. பலர் லொறியை விற்றுக் கம்பனி வேலைக்குத் திரும்பினர். அதை அவமானமாகக் கருதுவது வீண்.

மயாமியைக் குறைகூறினோமே, அங்கும் நல்ல காலம் உண்டு. ஏப்ரில், மே மாதங்களிற் தென் புளோரிடாவின் தக்காளியும் சோளமும் வத்தகப்பழமும் ஒருங்கே அறுவடையாகும். குளிர்ப்பெட்டி பூட்டிய லொறிகளுக்குக் கிராக்கி ஏற, வடக்கே செல்லும் கூலியும் ஏறிவிடும். அனுபவசாலிகள் சிலர் அந்த வாரங்களுக்காகக் காத்திருந்து, வெறும் வண்டியையே தெற்கே ஓட்டிச் செல்வர். ஜூனில் அறுவடை ஜோர்ஜியாவுக்கு நகரும். லொறிகளும் அதன் பின்னே நகர்ந்துவிடும்.