பொனேர்த் தீவும் கரைவழிச் சுழியோடலும்

கடலடியிற் கிடக்கும் செல்வத்தையும் அழகையும் நாடிய மாந்தர் நெடுங்காலமாகக் கலமேறிச் சென்றே கடலில் இறங்கினர். மன்னார்க் குடாவில் முத்துக்குளித்தோரும் தோணிகளிற் சென்று, ‘பார்’ எனப்படும் கடலடித் திட்டுக்களின்மேல் நின்றே நீரில் மூழ்கினர். கரையினின்றும் நடந்து நீரிலிறங்கி, சில நிமிட நேரம் நீந்திய அளவில் ஆழ்கடலின் விளிம்பை அடைதல் எல்லா நாடுகளிலும் இயல்வதொன்றன்று. அங்ஙனம் இயலும் இடங்களுள் உலகப் புகழ் பெற்றது கரிபியன் கடலிலுள்ள பொனேர் என்னும் சிறு தீவாகும். அங்கே நல்ல இறங்குமிடத்தை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதை ஆராயின், நிலநூலறிவும் கடலறிவும் ஒருங்கே துணைபுரிதலைக் காணலாம்.

பொனேர், தென்னமெரிக்காவிலுள்ள வெனிசுவேலா நாட்டின் கரைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவில், வட அகலக்கோடு 12 பாகையை அடுத்துள்ளது. அதன் பரப்பு 288 சதுர கிலோமீற்றர். மேற்கு நோக்கி வளைந்த பிறைபோன்ற வடிவினது. அவ்வளைவின் அணைப்பிலே, மக்கள் வாழாத கிளைன் பொனேர் என்னும் குறுந்தீவு அமைந்துள்ளது. ஒல்லாந்தர் ஆட்சிக்குட்பட்டிருந்த அத்தீவு, நெதர்லாந்து அண்டிலிசு என்னும் அமைப்பு 2010ஆம் ஆண்டு ஒற்றோபர் 10ஆம் நாள் கலைக்கப்பட்டபின், நெதர்லாந்தின் தனிவகை நகராட்சியாக விளங்குகின்றது. தலைநகரின் பெயர் கிராலன்டைக். முருகைக்கல் அணை என்னும் பொருள்தரும் ஒல்லாந்தச் சொல்லின் திரிபே அது என்பர். நகரின் பெயரே தீவின் இயல்பை உணர்த்துதல் காண்க.

இயற்கை அளித்த மூன்று வசதிகள்

பொனேரின் மேற்குக் கரை சுழியோடிகளுக்கு உகந்ததாயமைந்தமைக்கு மூன்று காரணங்கள் உள. முதலாவது காற்று. ஆண்டின் பெரும்பகுதியிலும் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து ஓயாது வீசுகின்றது. ஆதலின் கிழக்குக் கரையிலே பேரலைகள் பாறைகளில் மோதிச் சிதறும். மேற்குக் கரையோ காற்றொதுக்கிலிருத்தலாற் குளம்போல அமைதியுற்றிருக்கும். ஒரே தீவின் இரு கரைகளும் ஒரே நாளில் இவ்வாறு மாறுபட்டிருத்தலை அறியாதவன், வரைபடத்தை மட்டும் நோக்கி இறங்குமிடம் தேடின், உயிருக்கே இடையூறு நேரலாம்.

இரண்டாவது கடலடியின் அமைப்பு. பொனேர் தென்னமெரிக்கக் கண்டமேடையின்மீது அமைந்த தீவன்று. ஆழ்ந்த கடல் அதனைக் கண்டத்தினின்றும் பிரிக்கின்றது. ஆதலின் கரையை அடுத்தே ஆழம் தொடங்கிவிடுகின்றது. கரையிலிருந்து மணலும் உடைந்த முருகைக்கற்களும் பரந்த ஒரு மேடை மெல்லச் சரிந்து சென்று, ஏறத்தாழ 10 மீற்றர் ஆழத்தில் முடிவடையும். அவ்விளிம்பிலிருந்து முருகைப்பார் செங்குத்தாகவோ சரிவாகவோ கீழிறங்கும். கரைக்கும் விளிம்புக்கும் இடையேயுள்ள தூரம் பல இடங்களில் நூறு மீற்றருக்கும் குறைவானது.

மூன்றாவது மழையின்மை. தீவின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறக்குறைய 500 மில்லிமீற்றர் அளவினதே. கள்ளியும் முட்புதரும் நிறைந்த அந்நிலத்தில் நிலையாக ஓடும் ஆறுகள் இல்லை. ஆறில்லாத இடத்திற் சேறும் வண்டலும் கடலிற் கலப்பது அரிது. நீர் தெளிந்திருத்தலாற் கதிரவன் ஒளி ஆழத்தை எட்டுகின்றது. ஒளியை வேண்டும் முருகையுயிர்களும் செழித்து வளர்கின்றன. நிலத்திலே குறையாகத் தோன்றும் வறட்சி, நீருக்கடியிலே வளமாக மாறியமை வியத்தற்குரியது.

இடந்தெரிதலின் இலக்கணம்

தீவைச் சுற்றிச் செல்லும் தெருவோரத்திலே, மஞ்சள் வர்ணம் பூசப்பட்டு இடப்பெயர் பொறிக்கப்பட்ட கற்கள் ஆங்காங்கே காணப்படும். கரைவழியே இறங்கத்தக்கனவாகக் குறிக்கப்பட்ட இடங்கள் அறுபதுக்கு மேற்பட்டவை. எனினும் ஓரிடம் கல்லாற் குறிக்கப்பட்டுள்ளது என்பதனால் அஃது எல்லார்க்கும் எந்நாளும் ஏற்றதென்று கொள்ளலாகாது. அன்றைய காற்றையும் கடலையும் நோக்கி முடிவு செய்தல் இறங்குபவன் கடமையாகும்.

முதற்கண் நோக்கவேண்டியது வெளியேறும் வழி. முதுகிற் பாரமான வளிக்கொள்கலனைச் சுமந்தவன் நீரில் இறங்குதல் எளிது. களைப்புற்ற நிலையில் அலைக்கிடையே கரையேறுதல் அரிது. கரையிற் சுண்ணாம்புக்கல் கூரிய முனைகளோடு நிற்கும் இடங்களும், முருகைத் துண்டுகள் காலின்கீழ்ப் புரளும் இடங்களும் பல. தடித்த அடியுடைய பாதணியின்றி அங்கே நடத்தல் ஆகாது. பாறைகளுக்கிடையே மணல் நிறைந்த ஒரு வழி காணப்படின் அதுவே சிறந்த வாயில். கரையில் நின்று சில நிமிட நேரம் அலைகளை எண்ணி நோக்குவோர்க்கு, பேரலைகள் கூட்டமாக வந்து போனபின் ஓர் இடையமைதி தோன்றுதல் புலனாகும். அதுவே இறங்குதற்குத் தக்க காலம்.

இரண்டாவதாக நோக்கவேண்டியது நீரின் நிறம். மணல் மேடையின்மேல் நீர் இளம்பச்சையாகத் தோன்றும். விளிம்புக்கு அப்பால் கருநீலமாகும். இவ்விரு நிறங்களும் சந்திக்கும் கோடு கரைக்கு எத்துணை அண்மையிலுளதோ, அத்துணைக்கு நீந்தும் உழைப்புக் குறையும். படகுகளைக் கட்டுதற்காக விளிம்பையொட்டி நிறுத்தப்பட்ட மிதவைகளும் அக்கோட்டைக் காட்டும்.

இவ்வண்மையின் சிறப்பு அமுக்கத்தின் இயல்பை அறிந்தார்க்கே நன்கு விளங்கும். நீரின் கீழ் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. ஆகவே 10 மீற்றர் ஆழத்தில் மேற்பரப்பிலுள்ளதைப்போல் இருமடங்கும், 30 மீற்றரில் நான்கு மடங்கும் வளி செலவாகும். தொலைவில் நீந்தி இளைத்தவன் மூச்சை விரைந்து வாங்குவானாதலின், அவனது கொள்கலன் பின்னும் விரைவில் வெறுமையாகும். படகிலிருந்து இறங்கியவனைப் படகு வந்து ஏற்றிக்கொள்ளலாம். கரையிலிருந்து இறங்கியவனோ தானே திரும்பவேண்டியவன்.

மூன்றாவது நீரோட்டம். விளிம்பை அடைந்ததும், கடல்விசிறிகளும் மிதக்கும் துகள்களும் எத்திசைக்குச் சாய்கின்றன என்பதை நோக்குதல் வேண்டும். தொடக்கத்தில் ஓட்டத்தை எதிர்த்துச் சென்று, கொள்கலனின் வளி பாதியாகுமுன் திரும்பி, ஓட்டத்தின் துணையோடு வருதலே முறை. உடல் வலிமையும் வளியும் நிறைந்திருக்கும்போது கடும்பகுதியைக் கடத்தலும், குறைந்தபோது எளிய பகுதியைக் கடத்தலும் இதன் பயன். கரையிலே ஓர் அடையாளத்தையும், விளிம்பிலே வேறோர் அடையாளத்தையும் மனத்திற் பதித்துக்கொள்ளாதவன், தான் இறங்கிய மணல் வழியைத் தவறவிட்டுக் கூரிய பாறைகளில் ஏற நேரிடும்.

கரையின் மூன்று பகுதிகள்

மேற்குக் கரையை வடக்கு, நடு, தெற்கு என மூன்றாகப் பகுத்து நோக்கலாம். வடபகுதியிற் சுண்ணாம்புக்கற் பாறைகள் உயர்ந்து நிற்பதால் இறங்குமிடங்கள் சிலவே. ‘ஆயிரம் படிகள்’ என்னும் புகழ்பெற்ற இடத்தில் உண்மையிலுள்ள படிகள் எழுபது அளவினவே. கொள்கலனைச் சுமந்து மீண்டும் ஏறுவோர்க்கு அவை ஆயிரமாகத் தோன்றுமாதலின் அப்பெயர் வந்தது என்பர். கர்பாத்தா என்னுமிடத்திலே முருகைப்பார் மிகவும் செங்குத்தாக இறங்குகின்றது.

நடுப்பகுதியிற் கரை தாழ்ந்தும் நீர் அமைதியாகவும் உள்ளன. புதியவர்கள் முதன்முறை இறங்குதற்கு இப்பகுதி ஏற்றது. நகருக்குச் சற்றுத் தெற்கே, ஹில்மா ஹூக்கர் என்னும் சரக்குக் கப்பல் ஏறத்தாழ 30 மீற்றர் ஆழத்திற் பக்கவாட்டிற் சாய்ந்து கிடக்கின்றது. கஞ்சா கடத்தியமைக்காகப் பிடிபட்ட அக்கப்பல், 1984ஆம் ஆண்டு செப்ரெம்பர் 12ஆம் நாள் மூழ்கியது. அவ்வாழத்தில் வளி விரைவிற் செலவாதலின், பயிற்சி குறைந்தோர்க்கு அஃது ஏற்றதன்று.

தென்பகுதி உப்பளங்கள் நிறைந்த தாழ்நிலம். உப்பு ஏற்றும் இறங்குதுறையின் தூண்களிற் கடற்பஞ்சுகளும் முருகைகளும் பல நிறங்களிற் படர்ந்துள்ளன. ஆயினும் கப்பல் தரித்து நிற்கும்போது அங்கே இறங்குதல் ஆகாது. அதற்கும் தெற்கே, உப்பளங்களில் உழைத்த அடிமைகளுக்காக 1850ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட சிறு கற்குடில்கள் இன்றும் நிற்கின்றன. ஒல்லாந்தக் குடியேற்றங்களில் அடிமைமுறை 1863இல் ஒழிக்கப்பட்டது. இன்பத்தை நாடி அக்கரைக்கு வருவோர், முற்காலத்தில் அதே கரையிற் சிந்தப்பட்ட வியர்வையை எண்ணாது செல்லல் தகாது. தென்முனையை நெருங்க நெருங்கக் கிழக்குக்கடலின் அலை வளைந்து வந்து புகும், நீரோட்டமும் வலுக்கும். அனுபவமுடையோரே அங்கே இறங்கத்தக்கவர்.

காவலும் கடமையும்

காற்றொதுக்கு என்றும் நிலைத்ததென்று எண்ணுதலும் தவறு. 1999ஆம் ஆண்டு நவம்பரில் லெனி என்னும் சூறாவளி, வழமைக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றது. அதன் மையம் தொலைவில் வடக்கே கடந்தபோதிலும், அதனால் எழுந்த அலைகள் பொனேரின் மேற்குக் கரையைத் தாக்கி, ஆழங்குறைந்த இடங்களிலிருந்த முருகைகளைப் பெரிதும் உடைத்தன.

கரையிலிருந்து எளிதில் அடையத்தக்கது எளிதில் அழியத்தக்கதுமாகும். இதனை உணர்ந்த தீவினர் 1971இல் ஈட்டியால் மீன் குத்துவதையும், 1975இல் முருகைகளைப் பெயர்த்தெடுப்பதையும் தடைசெய்தனர். 1979இல் உயர்நீர்க் கோட்டிலிருந்து 60 மீற்றர் ஆழம்வரையுள்ள சுற்றுக்கடல் முழுவதும் காப்பகமாக்கப்பட்டது. 1962இல் அங்கு வந்து குடியேறிய தொன் ஸ்ருவட் என்னும் மாலுமி, நங்கூரம் பாரை உடைத்தல் கண்டு, நிலையான மிதவைகளை அமைக்கும் முறைக்காக உழைத்தார். கையுறை அணிதலும் காப்பகத்தில் விலக்கப்பட்டுள்ளது. கையுறை அணிந்தவன் எதையும் பற்றிக்கொள்ளத் துணிவான் என்பதே காரணம்.

ஆயினும் சட்டத்தால் தடுக்கவியலாத கேடுகளும் உள. கடல்நீரின் வெப்பம் மிகும்போது முருகைகள் வெளிறுகின்றன. கன்முருகைகளின் திசுவைச் சிதைத்துக் கொல்லும் தொற்றுநோயொன்று 2023ஆம் ஆண்டு பொனேரிற் கண்டறியப்பட்டது. நூற்றாண்டுகளாக வளர்ந்த முருகைத்திரளும் அந்நோயாற் சில மாதங்களில் மாளும். ஓரிடத்தில் நனைந்த உடையும் கருவியும் மற்றோரிடத்துக்கு நோயைக் கொண்டுசெல்லாதவாறு, அவற்றைத் தொற்றுநீக்கிக் கழுவுதல் சுழியோடியின் கடமையாகிவிட்டது.

நல்ல இடந்தேடுதல் என்பது அழகிய காட்சியைத் தேடுதலோடு முடிவதன்று. காற்றும் அலையும் இடங்கொடுப்பதும், தன் ஆற்றலுக்கு அடங்குவதும், திரும்பும் வழி தெளிவாயுள்ளதுமான இடமே ஒருவனுக்கு நல்ல இடமாகும். கரையில் நின்று கடலை நோக்கி, “இன்று ஏற்றதன்று” எனத் துணிந்து திரும்புதலும் அக்கலையின் ஒரு பகுதியே. அவ்வாறு அறிந்து இறங்கியவன், எதனையும் தீண்டாமலும் கொணராமலும் மீள்வானாயின், அடுத்து வருவோர்க்கும் அவ்விடம் நல்லிடமாகவே இருக்கும்.