ஒரே கருவில் உருவான இருவர் வேறுபடுவது ஏன்?



அச்சில் வார்த்தாற்போல் ஒரே முகச்சாயலுடன் பிறந்த இரட்டைப் பிள்ளைகளுள் ஒன்று கொழுகொழுவென்றிருக்க, மற்றொன்று மெலிந்து காணப்படுவதுண்டு. உடனே தாயின் மீது பழி விழுகிறது. அவள் ஒன்றை மட்டும் கவனித்தாளாம்! மெலிந்த பிள்ளைக்கோ 'சோனி' என்னும் பெயர் ஒட்டிக்கொள்கிறது. பட்டப்பெயர் சூட்டுவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் தடுத்திருப்பது ஒருபுறமிருக்கட்டும். அந்தப் பழியே பெரும்பாலும் நியாயமற்றது. ஏனெனில் இவ்வேறுபாடு பல நேரங்களில் கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது.

கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிவதால் உருவாகின்றவர்களே ஒத்த இரட்டையர். முதல் 3 நாட்களுக்குள் பிரிந்தால் இருவருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி அமையும். அதன்பின் பிரிந்தால் இருவருக்கும் ஒன்றுதான். ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் இந்த இரண்டாம் வகையினரே. தாயிடமிருந்து உணவும் பிராணவாயுவும் வருவது நஞ்சுக்கொடியின் வழியாகத்தான். அது எப்போதும் சரிபாதியாகப் பங்கிடப்படுவதில்லை. ஒரு பிள்ளையின் தொப்புள்கொடி அதன் நடுவில் பொருந்தியிருக்க, மற்றதனுடையது ஓரத்தில் ஒட்டியிருக்கலாம். ஓரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் பங்கு குறைந்துவிடுகிறது.

மேலும், இருவரின் இரத்தக் குழாய்களும் அந்த ஒரே நஞ்சுக்கொடிக்குள் இணைந்திருக்கும். இத்தகைய கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 15 வரை, ஒரு சிசுவின் இரத்தம் மற்றதற்கு அளவின்றிச் சென்றுவிடுகிறது. கொடுக்கும் சிசு வாடுகிறது. பெறும் சிசுவாவது நலமாயிருக்கிறதா என்றால், அதுவுமில்லை. மிகுதியான இரத்தத்தைச் சுமந்து அதன் இருதயம் திணறுகிறது. பருமனாயிருப்பதே ஆரோக்கியம் என்று கருதுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

மரபணுக்களும் முற்றிலும் ஒன்றல்ல. கரு வளரத் தொடங்கும்போதே நிகழும் மாற்றங்களுள் சராசரியாக ஐந்து, இருவருக்குமிடையே வேறுபடுவதை 2021-இல் ஐஸ்லாந்து நாட்டு ஆய்வு காட்டியது. அவர்களின் கைரேகைகளும் ஒன்றாயிருப்பதில்லை. கருவறைகளில் நம்மை உருவமைப்பவனின் நாட்டத்தைப் பற்றி ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தில் ஓதுகிறோமே, அதை இங்கே நினைவுகூரலாம்.

பிறந்தபின் நோயும் உணவும் வேறுபாட்டைக் கூட்டலாம். ஆகவே ஒரு பிள்ளையை மற்றதன் அருகில் நிறுத்தி அளக்காமல், அதனதன் எடை மாதந்தோறும் ஏறுகிறதா என்று பாருங்கள். இரட்டைக் கரு என்றறிந்தால், 11 முதல் 14 வாரங்களுக்குள் செய்யும் ஸ்கேனில் நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்றெனில் 16-ஆம் வாரம் முதல் இரு வாரங்களுக்கொரு முறை ஸ்கேன் தேவைப்படும். இரத்தம் ஒருபக்கமாகப் பாய்வது உரிய காலத்தில் தெரியவந்தால், இணைந்த குழாய்களை லேசர் கதிரால் அடைக்கும் சிகிச்சை உண்டு.