கறுப்பின் மேல் பச்சை

நம் உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கனம்கூடக் கிடையாது. நிமிடத்துக்கு 15, 20 தடவை மடிந்து விரியும், எண்ணெய் கசியும், நம் ஊர் மே மாதத்தில் வியர்க்கவும் செய்யும். காலையில் பூசும் நிறம் மாலைவரை அங்கே கலையாமல் நிற்க வேண்டும்.

வீட்டுக் கண்மை இதில் தேறாது. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது அது. எண்ணெய் காய்வதில்லை; மையும் ஓரிடத்தில் இருப்பதில்லை. க்ரீம் ஐ ஷேடோவிலும் எண்ணெய், மெழுகு, நிறப்பொடி உண்டு. ஆனால் நல்ல க்ரீமில் ஐசோடோடெக்கேன் போல ஆவியாகிற திரவம் ஒன்றும் சேர்ந்திருக்கும். விரலால் தேய்க்கும்போது க்ரீமை வழுக்கிப் பரவவைப்பது அதுதான். ஒரு நிமிடம்போல ஆனதும் அது பறந்துவிட, மெழுகும் பிசினும் நிறமும் மெல்லிய படலமாக இமையைப் பிடித்துக்கொள்கின்றன. டப்பாவைத் திறந்து போட்டுவிட்டு அரட்டை அடித்தால் இதே வேலை டப்பாவுக்குள் நடந்துவிடும்.

தனியாகப் பூசுவதானால் அந்த ஒரு நிமிடம்தான் முக்கியம். கொஞ்சமாக எடுத்து, ஓரங்களை உடனே கரைத்துவிட்டு, காயும்வரை பார்வையைத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும். அதற்குள் நிமிர்ந்து பார்த்தால் இமை மடிப்பில் கோடு விழுந்துவிடும். ஆவியாகும் திரவம் இல்லாத, வெறும் எண்ணெயும் மெழுகுமான க்ரீம்கள் நம் வெயிலுக்குத் தனியாகத் தாங்குவது சிரமம். மேலே பவுடர் போட்டே ஆக வேண்டும். அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ என்றால் காயும் வகையில் செம்பு நிறமோ பழுப்போ ஒன்று போதும் என்பேன்.

பவுடருக்கு அடித்தளமாகும்போது கதை வேறு. வெற்று இமையில் பவுடர் சரியாக ஒட்டாமல் கன்னத்தில் உதிரும். க்ரீம் அதைப் பிடித்து வைக்கிறது. பவுடரைப் பிரஷ்ஷால் இழுக்காமல் ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். வரிசையை மாற்றி, பவுடரின் மேல் க்ரீம் தடவினால் திட்டுத் திட்டாகிவிடும்.

ஆனால் அடித்தளத்தின் வேலை பிடிமானத்தோடு முடிவதில்லை. மினுக்கும் பவுடர்கள் பலவற்றில் இருப்பது மைக்கா என்னும் அப்பிரகச் செதில்கள். அவற்றின் மேல் டைட்டானியம் டைஆக்சைடை நானோமீட்டர் கணக்கில் பூசியிருப்பார்கள். ஏறத்தாழ 60 என்றால் வெள்ளி மினுக்கம், 120 வாக்கில் நீலம், இன்னும் கூடினால் பச்சை. சாயம் எதுவும் இல்லை. மழைநீரில் மிதக்கும் பெட்ரோலில் வானவில் தெரிவதுபோல, பூச்சின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் வரும் நிறம். பச்சை திரும்பி வந்தால், எஞ்சிய சிவப்புச் சாயல் ஒளி செதிலை ஊடுருவிக் கீழே போகும். அடியில் வெள்ளைக் க்ரீம் இருந்தால் அந்தச் சிவப்பையும் மேலே திருப்பி அனுப்பிவிடும். இரண்டும் கலந்து பச்சை வெளிறிப்போகும். கறுப்போ அடர்பழுப்போ இருந்தால் அந்தச் சிவப்பை விழுங்கிவிடும். பச்சை பளீரென்று நிற்கும்.

மினுக்கமில்லாத மஞ்சள், நீலம் போன்றவற்றுக்கு மட்டும் வெளிர் அடித்தளம் கைகொடுக்கும். மாநிறத் தோலில் வெள்ளையை ஓரம் தெரியத் தடவினால் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும் என்பதால், தோலின் நிறத்தைவிட ஓரிரு சாயல் மட்டுமே வெளிர்ந்ததாக எடுப்பது மேல்.

இரவில் கலைக்கத் தண்ணீர் போதாது. எண்ணெயில் நனைத்த பஞ்சை மூடிய இமையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் படலம் இளகும். பிறகு தேய்க்காமல் மெல்ல வழித்தெடுக்கலாம்.