பெரியம்மாவின் பனையோலை விசிறி

மார்கழிப் பனியில் ஊரே இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கும் வேளையில், என் பெரியம்மா மட்டும் நடுஜாமத்தில் எழுந்து போய், முற்றத்துத் தூணில் சாய்ந்தபடி பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருப்பாள். ரவிக்கையின் முதுகுப்புறம் தெப்பமாக நனைந்திருக்கும். பதறிப்போய்க் கேட்டால், “ஒண்ணுமில்லடி, உஷ்ணம் ஏறிப்போச்சு, நீ போய்ப் படு” என்பாள். சற்று நேரத்துக்கெல்லாம் குளிர்கிறதென்று அதே பெரியம்மா கம்பளியைத் தேடுவாள். அது தேக உஷ்ணமோ பித்தமோ அல்ல, மாதவிடாய் நின்றுபோகும் பிராயத்தின் அடையாளம் என்பது, அந்தப் பிராயத்தை நானே எட்டிய பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

தொடர்ந்து பன்னிரண்டு மாதம் விலக்காகாமல் இருந்தால் அது நின்றுவிட்டது என்பது வைத்தியர்களின் கணக்கு. மேல்நாட்டு ஸ்திரீகளுக்கு சராசரியாக 51 வயதில் நிகழ்வது, நம் தேசத்தில் 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, மூளையின் அடிப்புறத்தில் அமர்ந்து சரீரத்தின் வெப்பத்தைக் காவல் காக்கும் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி, எலி ஓடினாலும் திருடன் என்று கூவும் காவற்காரனைப் போல, அற்பமான வெப்ப மாறுதலுக்கெல்லாம் ரத்தக் குழாய்களை விரித்து வேர்வையைத் திறந்து விட்டுவிடுகிறது. பெரியம்மா முதலில் விசிறியையும் பிறகு கம்பளியையும் தேடிய மர்மம் இவ்வளவுதான்.

இதற்கு ஹார்மோன் மாத்திரையே சிறந்த நிவாரணம் என்று மேல்நாடுகளில் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 2002-ஆம் வருஷம், அமெரிக்காவில் நடந்துவந்த மாபெரும் பரிசோதனையில், இருவகை ஹார்மோன்களைச் சேர்த்து உண்டவர்களிடம் மார்பகப் புற்றும் பக்கவாதமும் சற்றே மிகுந்திருக்கக் கண்டு, அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அறுபது வயதுக்குட்பட்டவர்களுக்கு அபாயம் அவ்வளவு இல்லை என்று பின்னால் ஆராய்ந்து சொன்னபோதிலும், அச்சம் அச்சமாகவே நின்றுவிட்டது. மூலிகைக் கடைகளுக்கு யோகம் அடித்தது.

அந்த மூலிகைகளில் பேர்போனது, வட அமெரிக்கக் காடுகளில் விளையும் பிளாக் கோஹோஷ் என்னும் வேர். அது பயன்படும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லையென 2012-இல் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறினார்கள். அபூர்வமாக ஈரலைத் தாக்கியதாகவும் தகவல் உண்டு. ஜப்பானியப் பெண்களுக்கு இந்த உஷ்ணத் தொல்லை குறைவு, அவர்கள் சோயா உண்கிறார்கள், ஆகவே சோயாவே மருந்து என்று ஒரு வாதம் எழுந்தது. சோயாவிலுள்ள சத்தைக் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் ஈக்வால் என்ற பொருளாக மாற்றினால்தான் பலன் கூடும் என்கிறார்கள். அந்த நுண்ணுயிர்களோ எல்லார் வயிற்றிலும் வாசம் செய்வதில்லை.

இதைவிட என்னைச் சிந்திக்கவைத்தது வேறொன்று. மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையை மருந்தென்று சொல்லிக் கொடுத்தபோதும், பல பரிசோதனைகளில் உஷ்ணம் ஏறும் தடவைகள் பாதியளவுக்குக் குறைந்திருக்கின்றன! உஷ்ணத்துக்கென்று பெரியம்மா குடித்த சீரகத் தண்ணீர் அவளுக்கு இதம் தந்ததைப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அதைப் புட்டியில் அடைத்து ஆயிரம் ரூபாய்க்கு விற்பவரைப் பற்றித்தான் எனக்கு மனத்தாங்கல். 2023-இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் ஹார்மோன் அல்லாத வழிகளையெல்லாம் நிறுத்துப் பார்த்து, சோயாவையும் மூலிகைகளையும் ஒதுக்கிவிட்டது. எண்ணங்களைப் பயிற்றி நெறிப்படுத்தும் மனநலச் சிகிச்சையையும், ஹிப்னாடிஸத்தையும், ஸ்தூல தேகம் உடையவர்கள் எடை குறைப்பதையும் அங்கீகரித்தது. நூல்புடவை, திறந்த ஜன்னல், ஒரு விசிறி ஆகியவை தற்காலிக சாந்திக்குப் போதும்.

அப்படியானால் அடுப்பங்கரைக்கு வேலையே இல்லையா? நிரம்ப உண்டு, ஆனால் அது வேறு வேலை. தோலோடு வறுத்த உளுந்தையும் பச்சரிசியையும் மாவாக்கி, கருப்பட்டிப் பாகில் கொட்டி, நல்லெண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டு, வாணலியின் ஓரத்தை விட்டுக் களி திரண்டு வரும்வரை கை சளைக்காமல் கிண்டுவாள் பெரியம்மா. வயதுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்புக்கு வலு என்று ஊட்டிய அந்த உளுந்தங்களி உஷ்ணத்தைத் தணிக்கும் என்று நான் சொல்லத் துணியேன். ஆயினும், ஈஸ்ட்ரோஜன் குறைந்த முதல் சில வருஷங்களில் எலும்பு ஓசையின்றி வேகமாகத் தேய்கிறதே, அங்கேதான் ஆகாரத்துக்கு அலுவல். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; பாலில் அதில் மூன்றிலொரு பங்குதான். கூழோ அடையோ எதுவானாலும் சரி, அதோடு பருப்பும், கொஞ்சம் வெயிலும், தினந்தோறும் வேகமான நடையும், சற்றுப் பளு தூக்குவதும் சேர்ந்தாலன்றி எலும்பு வலுப்பெறாது.

சகோதரிகளிடம் ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். விலக்கு நின்று ஒரு வருஷம் கழிந்தபின் துணியில் ஒரு துளி உதிரம் பட்டாலும், “சூடுதான்” என்று கஷாயம் வைத்துக் குடித்து நாளைக் கடத்தாதீர்கள். பெரும்பாலோருக்கு அது சாதாரணக் காரணத்தால் வருவதுதான். சிலருக்குக் கர்ப்பப்பைப் புற்றின் முதல் குறி அதுவே. அந்த வாரத்திலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.