இரத்தத்திலிருந்து மூளை நரம்பு! தெரியுமா?

கை நடுக்கம், விறைத்த உடல், தயங்கும் நடை. மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் மடிவதால் வரும் பார்க்கின்சன் நோயின் அடையாளங்கள் இவை. மடிந்த அணுவுக்குப் பதிலாகப் புதியதை வைக்க முடியுமா? முடிகிறது!

நம் பூனைக்காலி விதைக்குள் இந்நோய்க்கான மருந்து இருக்கிறது, தெரியுமா? 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரன், ராமசாமி இருவரும் அவ்விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார்கள். இன்றும் பார்க்கின்சனுக்கு முதன்மை மருந்து அதுதான்! ஆனால் அது டோபமைனைக் கூட்டுமே தவிர, போன அணுவை மீட்டுத் தராது.

போன அணுவை ஈடுசெய்ய, முதிர்ந்த அணுவையே வேறு அணுவாக வளரக்கூடிய குருத்தணுவாக, அதாவது ஸ்டெம் செல்லாக, மாற்றலாம், தெரியுமா? 2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா வெறும் 4 மரபணுக்களைச் செலுத்தி எலியின் தோலணுவை அப்படி மாற்றினார். அடுத்த ஆண்டே மனித அணுவிலும் பலித்தது. 2012-இல் நோபல் பரிசு!

குருத்தணுவிலிருந்து வளர்த்த அணுவை மூளைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள், தெரியுமா? நலமான ஒருவரின் இரத்த அணுவைக் குருத்தணுவாக்கி, அதை நரம்பணுவின் முன்னோடியாக வளர்த்தார்கள் கியோத்தோ பல்கலைக்கழகத்தார். பிறகு மண்டையோட்டில் துளையிட்டு, மெல்லிய ஊசிவழியே மூளையின் இரு பக்கமும் இலட்சக்கணக்கான அணுக்களை இறக்கினார்கள். உடல் அவற்றை ஒதுக்கிவிடாதிருக்க 15 மாதம் மருந்து. சிகிச்சை பெற்றவர்கள் 7 பேர். பலனை அளந்த 6 பேரில் 4 பேருக்கு, மாத்திரையின் வேகம் அடங்கிய நேரத்திலும் உடலசைவு மேம்பட்டிருந்தது! 2 ஆண்டுக் கண்காணிப்பில் கடுமையான பக்கவிளைவு ஏதுமில்லை. முடிவு 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

கூரைமேல் வீசும் பாற்பல்லிலும் குருத்தணு உண்டு, தெரியுமா? 2003-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதுவும் நரம்பணுவின் இயல்பைப் பெறக்கூடியது!

குருத்தணு ஆய்வு நம் பினாங்கிலும் நடக்கிறது, தெரியுமா? கெப்பாலா பத்தாஸ் பெர்த்தாமில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ, பல் மருத்துவக் கழகத்தில் திசு மீட்பு மருத்துவ ஆய்வு நடக்கிறது. நம் பிள்ளைகள் எட்டிப்பிடிக்கும் தூரம்தான்!

ஒரு வேண்டுகோள். இரத்தப் புற்றுநோய்க்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றத்தைப்போல், பார்க்கின்சனுக்கான இந்த முறை இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. கியோத்தோவில் ஒரு சிலரிடம் கண்ட பலன் தொடக்கமே. “ஒரே ஊசியில் நடுக்கம் போகும்” என்று யாராவது பணம் கேட்டால், சுகாதார அமைச்சின் அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். உங்கள் நரம்பியல் மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.