சிதறிய எழுத்துக்கு ஒரு பேரேடு

வியாபாரிக்குச் சரக்கு குமுளியில் கொஞ்சம், போடியில் கொஞ்சம், பாலக்காட்டுக் குடோனில் கொஞ்சம் என்று கிடக்கும். அதில் கெடுதல் ஒன்றுமில்லை. எந்த ஊரில் எத்தனை மூட்டை என்பது பேரேட்டில் ஏறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் எல்லைப்புறத் தமிழன்பர்கள் பலர் இருபது வருஷமாக இணையத்தில் எழுதி வருகிறார்கள். கவிதை ஒரு வலைப்பூவில், கல்வெட்டுக் குறிப்பு வேறொரு தளத்தில், திருவிழாப் படங்கள் முகநூலில். எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் எழுதினவருக்கே தெரியறதில்லை.

எழுத்து சிதறுவது புதுசு இல்லை. பாரதியார் சுதேசமித்திரன், சக்கரவர்த்தினி, இந்தியா என்று பல இதழ்களில் எழுதினார். ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் என்று புனைபெயர்களும் வைத்துக்கொண்டார். 1921இல் அவர் மறைந்த பிறகு, எது அவர் எழுத்து என்று பழைய இதழ்களைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சீனி. விசுவநாதன் இந்த ஒரு வேலைக்கே பல பத்தாண்டுகளைக் கொடுத்தார். காலவரிசைப்படி 23 தொகுதிகளாக அது நிறைவு பெற்றது. அந்தக் காகிதம் எங்கோ ஓர் அலமாரியில் மிஞ்சி இருந்ததால்தான் அவரால் முடிந்தது.

இணையத்தில் அலமாரி நம்முடையது இல்லை. ஓசியில் உட்காரக் கொடுத்த திண்ணை அது. வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் கதவைச் சாத்தலாம். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸில் அக்காலத்துத் தமிழர்கள் பலர் சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். 1999இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26இல் மூடிவிட்டது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30இலும், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2இலும் போயின. முன்னறிவிப்பு கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அறிவிப்பு போனது, எப்போதோ மறந்துபோன பழைய மின்னஞ்சலுக்கு. 1996 முதல் இயங்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் ஜியோசிட்டீஸ் பக்கங்கள் பலவற்றைப் படியெடுத்து வைத்திருக்கிறது. அதில் தேடுவதற்குப் பக்கத்தின் பழைய முகவரி தெரிந்திருந்தால் சுலபம். முகவரியை யார் குறித்து வைத்தார்கள்?

நம் பக்கத்தில் பெயராலும் ஒரு தொல்லை. தமிழ்நாட்டில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால். கேரளத்தில் பெரும்பாலும் பின்னால். கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ படித்த ஒருவர் சான்றிதழில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் மலையாள எழுத்தில் ஒரு மாதிரி, இணையத்தில் புனைபெயரில் ஒரு மாதிரி. எங்கள் தமிழ்ச் சமணர் பட்டமான ‘நயினார்’ என்பதையே ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரின் பெயர்கூடச் சில இடங்களில் பட்டத்தோடும் சில இடங்களில் இல்லாமலும் வருகிறது. தேடுபொறி சில சமயம் ஊகித்துச் சேர்க்கும். பல சமயம் இரண்டு ஆளாகவே வைத்திருக்கும். நூலகத்தார் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஒரு வடிவத்தைத் தலைப்பாக்கி, மற்றவற்றின் கீழ் ‘இன்னாரைக் காண்க’ என்று எழுதிவிடுவார்கள். நாமும் ஒரு வடிவத்தைத் தேர்ந்து, மற்ற வடிவங்களை நம் அறிமுகக் குறிப்பில் சேர்த்துவிட்டால் போதும்.

பழைய எழுத்துருவும் இப்படித்தான் மறைக்கிறது. டிஸ்கி, டாம், டாப் குறியீடுகளில் அன்று தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றாவிட்டால், பக்கம் இருந்தும் தேடலில் கிடைக்காது.

ஆகவே எல்லாத் தளங்களையும் விட்டுவிடச் சொல்லவில்லை. கிளைக்கடை இருக்கட்டும், தலைமைக் கடை ஒன்று சொந்தப் பெயரில் வேணும். வருஷத்துக்கு ஒரு சிறு கட்டணத்தில் சொந்த இணைய முகவரி கிடைக்கிறது. அதில் ஒரே ஒரு பக்கம் போதும்: எந்தத் தளத்தில், எந்தப் பெயரில், எந்த ஆண்டு முதல் எழுதினேன் என்ற பட்டியல். மற்ற தளங்களிலிருந்து இந்தப் பக்கத்துக்கு இணைப்பு. எழுத்தின் படி ஒன்று வீட்டுக் கணினியிலும், இன்னொன்று வேறு வீட்டிலும் இருக்கட்டும். பிளாக்கர் அமைப்புகளிலேயே காப்புப்படி எடுக்க வழி உண்டு. கூகுள் டேக்அவுட் மூலமும் எடுக்கலாம்.

நம் சங்கத்தில் என் வயசுக்காரர்கள் அதிகம் என்பதால் கடைசியாக ஒன்று. வங்கிக் கணக்குக்கு நாமினி போடுகிறோம், எழுத்துக்குப் போடுவதில்லை. இரண்டு வருஷம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்று 2023இல் கூகுள் அறிவித்தது. அதே நிறுவனத்தின் செயலற்ற கணக்கு நிர்வாகி என்ற வசதி 2013 முதல் இருக்கிறது. 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை ஒரு கெடு வைத்து, அதற்குள் நாம் உள்ளே வராவிட்டால் யாருக்கு விவரம் போக வேண்டும் என்று 10 பேர் வரை குறிப்பிடலாம். பிள்ளைகளில் யாருக்குத் தமிழ் வாசிக்க வருமோ அவர் பெயரை முதலில் போடுங்கள். சொந்த முகவரியின் புதுப்பிப்புத் தேதியையும் அவரிடம் எழுதிக் கொடுங்கள். கட்டணம் கேட்டு வரும் அறிவிப்பு அவருடைய மின்னஞ்சலுக்கும் வரும்படி செய்து வையுங்கள்.